அத்தியாயம் 7: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் விண்டோஸ் மாற்றமும்

எந்த மாதிரி கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்புறம் 25 துளை பேரலல் போர்ட். அதில் எப்சன் எல்எக்ஸ்-300 போன்ற ஒரு 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். உள்ளே 486-க்கும் பென்டியம் 3-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு பிராசஸர். ஹார்ட் டிஸ்கில் யாரோ ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் புரோகிராம். எழுதியவர் இப்போது எங்கே என்று கடைக்காரருக்கே தெரியாது. மண்டிக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், மருந்து மொத்த வியாபாரம் என்று கார்பன் வைத்து மூன்று படி அடிக்க வேண்டிய இடங்களில் இந்த ஜோடி நிலைத்துவிட்டது. லேசரும் இங்க்ஜெட்டும் தாளை இடித்து அடிப்பதில்லை, ஆகவே அவற்றில் கார்பன் படி விழாது.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு இரண்டு வேண்டுகோள் சேர்ந்தே வரும்: "விண்டோஸ மாத்திக் குடுங்க சார், பிரிண்டர் மட்டும் நின்னுடக் கூடாது." மாற்றிய மறுநாள் பிரிண்டர் நின்றால் பழி விண்டோஸ் மேல் விழும். ஆனால் பல நேரங்களில் கேபிளிலோ போர்ட்டிலோ ஏற்கெனவே இருந்த கோளாறைப் பழைய அமைப்பு பொறுத்துப் போயிருக்கும், புதியது பொறுக்காது. அதனால் காகிதத்தில் தொடங்கிக் கம்ப்யூட்டரை நோக்கி வாருங்கள். முதலில் பிரிண்டர், பிறகு கேபிள், பிறகு போர்ட், பிறகு டாஸ், அதன் பிறகுதான் விண்டோஸ். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தாள் அடித்து, அதன் மேலேயே தேதியையும் அப்போதிருந்த செட்டிங்கையும் பேனாவால் எழுதி வையுங்கள். பழைய விண்டோஸில் ஒழுங்காக அடிக்காத பிரிண்டரை வைத்துக்கொண்டு புதிய விண்டோஸ் போட உட்கார வேண்டாம்.

கேபிள் இல்லாமல் ஒரு தாள்

கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரின் லைன் ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போடுங்கள். எப்சன் வகைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்தால் தாமாகவே எழுத்து வரிசையை அடித்துக் காட்டும். இது செல்ஃப் டெஸ்ட். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கே தெரிகிற குறை முழுக்கப் பிரிண்டருடையது. எந்த டிரைவரை மாற்றினாலும் போகாது.

எல்லா எழுத்துகளிலும் ஒரே உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடினால் ஒரு பின் அடிக்கவில்லை. ரிப்பன் மடிந்திருந்தாலும் இப்படித் தெரியும், ஆகவே ரிப்பனை எடுத்துவிட்டு ஒரு கார்பன் தாளை வெள்ளைத் தாள் மேல் வைத்து அடித்துப் பாருங்கள். அப்போதும் கோடு இருந்தால் ஹெட்டோ, ஹெட்டுக்குப் போகிற தட்டைக் கேபிளோ, அந்தப் பின்னை இயக்கும் டிரான்சிஸ்டரோ போயிருக்கிறது. ஹெட்டைத் தொடுவதற்கு முன் ஆற விடுங்கள். நாலு பக்கம் அடித்த ஹெட் விரலைச் சுட்டுவிடும்.

எழுத்து முழுக்க மங்கலாக இருந்தால் ரிப்பனை மாற்றுங்கள். ரிப்பனுக்கு ஸ்டாம்ப் பேட் மை ஊற்றி ஓட்டும் பழக்கம் நிறையக் கடைகளில் உண்டு. ரிப்பன் மையில் எண்ணெய்த் தன்மை இருக்கிறது. பின்கள் ஓட்டையில் வழுக்கிப் போய்வர அதுதான் மசகு. ஸ்டாம்ப் மையில் அது கிடையாது. உலர்ந்து பின்னைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ரிப்பன் காசை மிச்சம் பிடித்து ஒரு ஹெட் வாங்குகிற வியாபாரம் இது.

ஹெட்டுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியை மாற்ற ஓரத்தில் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். ஒற்றைத் தாளுக்குக் கிட்டத்தில், மூன்று படிக்குத் தள்ளி. மூன்று படி பில் அடித்துவிட்டு ஒற்றைத் தாள் போடும்போது இதைத் திருப்பி வைக்க எல்லோரும் மறப்பார்கள், எழுத்து மங்கும். மறுபுறம், கனமான தாளுக்கு இடைவெளி போதாவிட்டால் தாளெல்லாம் மை தீற்றும், ரிப்பன் கிழியும், கிழிந்த இடத்தில் பின் மாட்டி வளையும்.

கேபிள்

பேரலல் கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதும் இரண்டு பக்கமும் பவர் அணைந்த பிறகுதான். யுஎஸ்பி பழகிய கை இதை மறந்துவிடுகிறது. மின்சாரம் ஓடும்போது கழற்றினால் போர்ட்டின் சிப் போகலாம். 486-க்குப் பிந்தைய பல மதர்போர்டுகளில் அந்தச் சிப்பிலேயே சீரியல் போர்ட்டும் ஃபிளாப்பியும் சேர்ந்திருக்கும்.

கேபிளின் எட்டுக் கம்பிகள் எழுத்தின் எட்டு பிட்டுகளைச் சுமக்கின்றன; கம்ப்யூட்டர் பக்கம் 2 முதல் 9 வரையான பின்கள் அவை. ஒன்று அறுந்தாலோ பக்கத்துக் கம்பியோடு ஒட்டினாலோ தாளில் வருவது வெறும் குப்பை அல்ல, ஒழுங்கான குப்பை. ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று அனுப்பியது ஏ, சி, சி, இ, இ, ஜி என்று வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ-யின் எண் 65, பி 66, சி 67. ஒற்றை எண்கள் அப்படியே இருக்கின்றன, இரட்டை எண்களோடு ஒன்று கூடுகிறது. அதாவது கடைசி பிட் எப்போதும் 1 ஆகவே நிற்கிறது. சந்தேகம் பின் 2-இன் கம்பி மேல். இதே கணக்கில் எந்தக் கம்பி என்பதை மல்டிமீட்டரை எடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். வாங்குகிற எழுத்துகளின் எண்களை அப்படியே அடித்துக் காட்டும் ஹெக்ஸ் டம்ப் என்ற வசதியும் நிறையப் பிரிண்டர்களில் இருக்கிறது. எல்எக்ஸ் வகையில் லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் போட வேண்டும். பில்லிங் புரோகிராம் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

மற்றக் கம்பிகளும் பேசுகின்றன. பின் 11, 'வேலையில் இருக்கிறேன், பொறு' என்று பிரிண்டர் சொல்லும் வழி. அதில் கோளாறு வந்தால் சிறு பில் நன்றாக அடிக்கும், பெரிய லெட்ஜரில் நடுவே வரிகள் காணாமல் போகலாம். பின் 12 தாள் தீர்ந்ததைச் சொல்கிறது. பின் 14 ஆட்டோ ஃபீட். கேபிளில் அது தரையோடு ஒட்டிவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வெற்று வரி விழும்.

பிரிண்டருக்குள் இருக்கும் ஸ்விட்சுகள்

அந்த வெற்று வரிக்குக் கேபிளைவிட அடிக்கடி வரும் காரணம் டிப் ஸ்விட்ச். பழைய மாடல்களில் பின்னாலோ ரிப்பனுக்குக் கீழோ இருக்கும் குட்டி ஸ்விட்சுகள் இவை. பிந்தைய மாடல்களில் பட்டன்களை அழுத்திப் பார்க்கும் மெனு. வரி முடிவில் புரோகிராம் இரண்டு கட்டளை அனுப்பும்: ஹெட்டை இடது ஓரத்துக்குக் கொண்டுவா, தாளை ஒரு வரி ஏற்று. பிரிண்டரில் ஆட்டோ லைன் ஃபீடும் போட்டிருந்தால் தாள் இரண்டு வரி ஏறும். புரோகிராம் முதல் கட்டளையை மட்டும் அனுப்பி, ஆட்டோ லைன் ஃபீடும் இல்லையென்றால் எல்லா வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கறுக்கும். இரண்டுக்கும் மருந்து ஒரே ஸ்விட்ச்தான்.

பில்லின் கட்டக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்த ஆங்கில எழுத்துகள் வருகின்றனவா? எழுத்து அட்டவணை இட்டாலிக் என்று இருக்கிறது. கிராஃபிக்ஸ் அல்லது பிசி 437 என்பதற்கு மாற்றுங்கள். டாஸ் புரோகிராம்கள் கோடு போட 127-க்கு மேற்பட்ட எண்களைத்தான் பயன்படுத்துகின்றன. எப்சனின் இட்டாலிக் அட்டவணையில் அந்த இடத்தில் சாய்வெழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. பிரிண்டரில் எப்சன், ஐபிஎம் என்று இரண்டு முறைகள் இருந்தால் பில்லிங் புரோகிராம் எதற்காக எழுதப்பட்டதோ அதை வையுங்கள். தெரியாவிட்டால் எப்சனில் தொடங்குங்கள். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியோடு ஐபிஎம் தன் பெயரில் விற்ற பிரிண்டரே எப்சன் எம்எக்ஸ்-80-தான் என்பதால், அந்தக் கட்டளை மொழியைப் பேசாத டாட் மேட்ரிக்ஸ் அபூர்வம்.

பக்க நீளம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் துளை ஓரத் தொடர்தாள் பெரும்பாலும் 12 அங்குல உயரம். பிரிண்டரும் விண்டோஸும் அமெரிக்க வழக்கப்படி 11 அங்குலம் என்று எண்ணிக்கொள்ளும். விளைவு, முதல் பக்கம் சரியாக இருக்கும், இரண்டாவது பக்கத்தின் தலைப்பு ஒரு அங்குலம் மேலே ஏறும், மூன்றாவதில் இரண்டு அங்குலம், நாலைந்து பக்கத்தில் தலைப்பு கிழிக்கும் கோட்டைத் தாண்டிப் போய்விடும். பிரிண்டர் ஸ்விட்சில் 12 அங்குலத்தைத் தேர்ந்தால் டாஸ் புரோகிராம்களுக்குத் தீர்ந்தது. விண்டோஸில் அது போதாது, டிரைவரிலும் சொல்ல வேண்டும். 98-இல் டிரைவரின் பேப்பர் பட்டியலில் கஸ்டம் அளவு கொடுங்கள். எக்ஸ்பியில் பிரிண்டர்கள் ஃபோல்டரின் ஃபைல் மெனுவில் சர்வர் பிராப்பர்ட்டீஸ் என்று ஒன்று மறைந்திருக்கிறது; அங்கே ஃபார்ம்ஸ் பக்கத்தில் 10-க்கு 12 என்று ஒரு புதிய ஃபார்ம் செய்து பெயர் வையுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பட்டியலிலிருக்கும் ஜெர்மன் ஸ்டாண்டர்ட் ஃபேன்ஃபோல்டைத் தேர்ந்துவிடலாம். அதன் உயரம் 12 அங்குலம். ஈரோடு மஞ்சள் மண்டிக்கு ஜெர்மன் தாள். தாள் நழுவாமல் நின்றால் சரி.

போர்ட்டும் பயாஸும்

பயாஸ் செட்டப்பில் பேரலல் போர்ட்டுக்கு மூன்று விவரங்கள் உண்டு. முகவரி, பொதுவாக 378. குறுக்கீட்டு எண், பொதுவாக ஐஆர்க்யூ 7. முறை: எஸ்பிபி அல்லது நார்மல், இபிபி, ஈசிபி. பிந்தைய இரண்டும் 1994-இல் வந்த ஐஇஇஇ 1284 தரத்தில் இடம்பெற்ற வேக முறைகள். ஸ்கேனருக்கும் ஜிப் டிரைவுக்கும் அவை உதவும், 9 பின் பிரிண்டருக்கு எந்தப் பயனும் இல்லை. நார்மலில் வையுங்கள். ஈசிபி ஒரு டிஎம்ஏ வழியையும் எடுத்துக்கொள்ளும், அது இன்னொரு கார்டோடு மோதினால் உங்கள் அரை நாள் போகும். பழைய சவுண்டு கார்டுகளில் சில ஐஆர்க்யூ 7-ஐயே கேட்கும். டாஸ் அந்தக் குறுக்கீட்டை எதிர்பாராமல் போர்ட்டைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்து அடித்துவிடுவதால், டாஸில் நன்றாக ஓடி விண்டோஸில் மட்டும் திணறும் பிரிண்டருக்கு இந்த மோதல் ஒரு காரணமாகலாம்.

முறையை மாற்றினால் விண்டோஸ் 98-இன் டிவைஸ் மேனேஜரில் பழைய ஈசிபி பிரிண்டர் போர்ட் பதிவை நீக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

இப்போது பேட்டரி. மதர்போர்டின் சிஆர்2032 செல் தீர்ந்துபோனால் பயாஸ் ஒவ்வொரு முறையும் தன் ஆரம்ப நிலைக்குப் போகும். கடைக்காரர் தேதி தப்பு என்று மட்டும் சொல்வார். கூடவே போர்ட் முறையும் மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் அளவும் மறந்திருக்கும். 'காலையில அடிக்காது, மத்தியானம் சரியாயிடும்' என்ற வகைப் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்தச் செல்லைத்தான். 386, 486 போர்டுகளில் செல்லுக்குப் பதில் நீல அல்லது பச்சை நிறத்தில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்து போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்தது காரம், அதனால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டுப் பவர் கொடுங்கள்.

டாஸ் சோதனை

விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்து பூட் செய்தால் மெனு வரும். கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கே டிர் கட்டளையை அடித்து, அதன் பின் 'பெரியது' குறி, அதன் பின் பிஆர்என் என்று ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் ஃபைல் பட்டியல் திரைக்குப் பதில் தாளில் வரும். டிரைவர், ஸ்பூலர் எதுவும் இடையில் இல்லை. இது ஒழுங்காக அடித்தால் பிரிண்டர், கேபிள், போர்ட் மூன்றுக்கும் நற்சான்று கொடுத்துவிடலாம். 'ரைட் ஃபால்ட்' என்ற செய்தி வந்தால் பிரிண்டர் ஆன்லைனில் இல்லை, தாள் இல்லை, அல்லது கேபிள்.

பழைய எச்பி லேசர்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. டாஸ் பட்டியல் அனுப்பியும் தாள் வெளியே வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறதென்றால் பக்கம் நிரம்பக் காத்திருக்கிறது; ஃபார்ம் ஃபீட் பட்டனை அழுத்துங்கள். 'பிசி லோட் லெட்டர்' என்று காட்டினால் தட்டில் ஏ4 இருக்கிறது, புரோகிராம் அமெரிக்க லெட்டர் அளவைக் கேட்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

டாஸில் அடிக்கவே முடியாத பிரிண்டர்களும் உண்டு. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை பக்கத்தைப் படமாக்கும் வேலையை விண்டோஸ் டிரைவரிடம் விட்டுவிட்டவை. வெறும் எழுத்தை அனுப்பினால் அவற்றுக்குப் புரியாது. டாஸ் பில்லிங் இருக்கும் இடத்துக்கு இப்படி ஒன்றை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

எந்த விண்டோஸ் வரை போகலாம்

மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்சத் தேவைகளை நம்பி இறங்கக் கூடாது. விண்டோஸ் 95-க்கு 386-உம் 4 எம்பி ராமும் போதும் என்றார்கள். அதில் வேர்டு திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 98-க்கு 486 டிஎக்ஸ் 66-உம் 16 எம்பியும். எக்ஸ்பிக்கு 233 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 64 எம்பியும், பரிந்துரை 128.

என் கணக்கு வேறு. 486 என்றால் டாஸ் 6.22-உம் விண்டோஸ் 3.1-உம் போதும், தொடாதீர்கள். பென்டியத்தில் 32 எம்பிக்கு மேல் இருந்தால் 1999-இல் வந்த 98 செகண்ட் எடிஷன். டாஸ் புரோகிராமும் பேரலல் பிரிண்டரும் வைத்திருப்பவர்களுக்கு நின்றுகொள்ள இதுதான் நல்ல இடம், ஏனென்றால் அடியில் இன்னும் உண்மையான டாஸ் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே இறங்கிச் சோதிக்கலாம். 2000-இல் வந்த மில்லெனியம் எடிஷன் அந்த டாஸை மறைத்துவைத்தது, வேறு பெரிய லாபமும் இல்லை. எக்ஸ்பி, பென்டியம் 3-உம் 256 எம்பியும் இருந்து, டாஸ் அல்லாத வேறு ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும். அதற்கும் மேல் 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடவே ஓடாது என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதுவானாலும் பழைய ஹார்ட் டிஸ்கின் மேல் போடாதீர்கள். அதைக் கழற்றி, பெயரெழுதி, பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு டிஸ்கில் புதிதாகப் போடுங்கள். ஐடிஇ டிஸ்க் கிடைக்காவிட்டால் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் ஐடிஇ அடாப்டரும் டாஸுக்கும் 98-க்கும் நன்றாகவே பொருந்தும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அகப்படும். வாங்கும் முன் கொள்ளளவைப் பாருங்கள். 486 கால பயாஸ்கள் பல 504 எம்பிக்கு மேல் பார்க்காது, பென்டியம் கால பயாஸ்கள் சில 8 ஜிபியை ஒட்டி நின்றுவிடும். டாஸ் 6.22-இன் ஃபேட்16 பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது. ஃபேட்32 விண்டோஸ் 95-இன் இரண்டாவது ஓஇஎம் வெளியீட்டில்தான் வந்தது. அப்படி ஃபார்மேட் செய்த டிஸ்க் பழைய டாஸின் கண்ணுக்குத் தெரியாது. பழைய டாஸும் அதே டிஸ்கைப் படிக்க வேண்டுமென்றால் முதல் பார்ட்டிஷனை ஃபேட்16-இல் வைத்துவிடுங்கள்.

98 போடும்போது சீடியிலிருந்து நேராக ஓட்டாமல் அதன் வின்98 ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். வேகம் கூடும். அதைவிடப் பெரிய லாபம், பிற்பாடு பிரிண்டர் சேர்க்கும்போது 'சீடியைப் போடு' என்று கேட்காது. தான் வந்த ஃபோல்டரிலேயே டிரைவரை எடுத்துக்கொள்ளும். பயாஸில் வைரஸ் வார்னிங் இருந்தால் அணையுங்கள், பூட் செக்டாரை எழுத விடாது. செட்டப் வன்பொருளைத் தேடும் கட்டத்தில் நின்றுபோனால் பத்து நிமிடம் பொறுத்து, ரீசெட் பட்டனை அல்ல, பவரையே அணைத்துப் போடுங்கள். எந்தச் சாதனத்தைத் தொட்டபோது விழுந்தது என்பதை செட்டப் ஒரு ஃபைலில் குறித்துவைத்திருக்கும். அடுத்த முறை அதைத் தாண்டிப் போகும்.

பழைய டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டியவற்றில் பலரும் விடுவது தமிழ் எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கடிதங்கள் அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கிலக் குப்பை. விண்டோஸ் 95 முதல் ஃபான்ட்ஸ் என்று தனி ஃபோல்டர் உண்டு. 3.1-இல் அது கிடையாது, விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் தேடுங்கள்.

மாற்றிய பிறகு அடிக்கவில்லை என்றால்

முதலில் டாஸ் சோதனை. 98 என்றால் கமாண்ட் பிராம்ப்டில் இறங்கி மறுபடி டிர் அடியுங்கள். அங்கே அடித்தால் பிரச்சினை டிரைவரிலோ ஸ்பூலரிலோ இருக்கிறது. பிரிண்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

டிரைவர் பட்டியலில் உங்கள் மாடல் இல்லையென்றால் எப்சன் எல்எக்ஸ்-800 அல்லது எஃப்எக்ஸ்-850 போன்ற 9 பின் டிரைவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 24 பின் டிரைவரைப் போட்டால் ஆங்கிலம் ஒருவேளை வரும், படம் சிதறும். 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவர் ஆங்கில பில்லுக்கு வேகமானது, ஆனால் எழுத்துருவை அது கண்டுகொள்ளாது. பாமினியில் அடித்த தமிழ்க் கடிதம் அதில் ஆங்கில எழுத்துகளாகவே வந்து விழும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மறுபடி மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவை வேறு டிரைவர். தமிழ் எப்போதும் படமாகத்தான் போகும், மெதுவாகத்தான் வரும். ரெசல்யூஷனை ஒரு படி குறைத்தால் நேரம் மிச்சமாகும்.

98-இல் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸின் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். ஸ்பூல் செட்டிங்கில் இருவழித் தொடர்பை அணையுங்கள். பழைய 9 பின் பிரிண்டர்கள் பலவற்றுக்குத் திருப்பிப் பேசத் தெரியாது. ஸ்பூல் டேட்டா வடிவத்தை இஎம்எஃப்பிலிருந்து ராவுக்கு மாற்றுங்கள். அப்போதும் நடுவில் நின்றால் பிரிண்டருக்கு நேராக அனுப்பும் தேர்வைப் போட்டுப் பாருங்கள். அதே பக்கத்தின் போர்ட் செட்டிங்கில் இரண்டு பெட்டிகள் உண்டு: டாஸ் வேலைகளை ஸ்பூல் செய்வது, அடிக்கும் முன் போர்ட் நிலையைப் பார்ப்பது. டாஸ் பில் தாமதமாக வந்தாலோ புரோகிராமை மூடிய பிறகே வந்தாலோ முதல் பெட்டியின் டிக்கை எடுங்கள். பிரிண்டர் தயாராக இருந்தும் இல்லை என்று விண்டோஸ் அடம்பிடித்தால் இரண்டாவது. சி டிரைவில் இடம் தீர்ந்துபோனாலும் ஸ்பூலர் முடங்கும்.

எக்ஸ்பியில் பழைய பிரிண்டர் தானாகக் கண்டுபிடிக்கப்படும் என்று காத்திருக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் டிடெக்ட் டிக்கை எடுத்துவிட்டு எல்பிடி1-இல் கையால் சேருங்கள். டாஸ் பில் ஒன்றரை நிமிடம் கழித்து வருவதாகப் புகார் வந்தால், பிரிண்டரின் போர்ட்ஸ் பக்கத்தில் கான்ஃபிகர் போர்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே டிரான்ஸ்மிஷன் ரீட்ரை 90 வினாடி என்றிருக்கும், 10 ஆக்குங்கள். சிக்கிய வேலை நீங்க மறுத்தால் கமாண்ட் பிராம்ப்டில் நெட் ஸ்டாப் ஸ்பூலர் கொடுத்து, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரின் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் கொடுங்கள்.

புதிய பிரிண்டர் யுஎஸ்பியாக இருந்து, டாஸ் பில் எல்பிடி1-ஐத் தேடினால் எக்ஸ்பியில் ஒரு சுற்றுவழி உண்டு. பிரிண்டரை ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேரோடு கட்டிவிடுங்கள். பெர்சிஸ்டென்ட் என்பதற்கு யெஸ் கொடுத்தால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். நெட்வொர்க் கேபிள் எதுவும் செருகாத கம்ப்யூட்டரில் இது மறுத்தால் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரை நிறுவுங்கள். போர்ட்டை நேராகத் தொட்டுப் பிரிண்டர் இருக்கிறதா என்று கேட்கும் புரோகிராம்களை இதனாலும் ஏமாற்ற முடியாது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளும் அவற்றுக்கு உதவாது, அந்தக் கேபிள் 378 என்ற முகவரியில் எதையும் வைப்பதில்லை. அந்த புரோகிராமுக்கு உண்மையான போர்ட் உள்ள மதர்போர்டுதான் வழி.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டெஸ்ட் பேஜோடு நிறுத்தாதீர்கள். டெஸ்ட் பேஜ் ஒரு பக்கம்தான், பக்க நீளத் தவறு அதில் தெரியாது, பின் 11 கோளாறும் தெரியாது. கடையின் தாளையே போட்டு, மூன்று படி பில் பத்தும் லெட்ஜர் இருபது பக்கமும் கடைக்காரர் முன்னால் அடியுங்கள். டிப் ஸ்விட்ச் நிலை, போர்ட் முறை, ஃபார்மின் பெயர், டிரைவரின் பெயர் இந்த நாலையும் ஒரு தாளில் அடித்துக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். கழற்றிய பழைய டிஸ்கை, மார்ச் மாதக் கணக்கு முடியும்வரை, கேட்டாலும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.